தந்தி, காய்கறி, ஒரு பொய்: என் உளவு நாவல் பற்றி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் உளவு நாவல் வெளிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் பக்கத்திலிருந்துதான் அதிகம் பேர் எழுதுகிறார்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்திவைத்துக் கேட்டவர்களும் உண்டு. பாராட்டு, கோபம், திருத்தம் மூன்றும் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்பதால், தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். மூன்றாவது கேள்வியிலிருந்து கதையின் முடிச்சுகள் அவிழத் தொடங்கும். இன்னும் படிக்காதவர்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கதை என்ன, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1971 நவம்பர் 30 தொடங்கி டிசம்பர் 9 வரை, பத்து நாட்கள். குன்னூர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண். ஒரு காலையில் கடற்படை மாலுமி ஒருவரிடமிருந்து தந்தி வருகிறது: அம்மாவின் உடல்நிலை எப்படி இருக்கிறது, உடனே தெரிவிக்கவும். குன்னூரின் பெட்போர்டு பகுதிக்கு மேலே ஒரு சந்தில் இருக்கும் வீட்டின் முகவரி. கொண்டுபோன தந்திச் சேவகர் அதைத் திருப்பிக் கொண்டுவருகிறார். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, அப்படி ஓர் அம்மாவை அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அதே வாரம் மேட்டுப்பாளையத்தில் ஒரு காய்கறி மண்டிக் கணக்கர் தன் கணக்குச் சிட்டையில் ஒன்றைக் குறித்துக்கொள்கிறார். விசாகப்பட்டினத்துக்குப் போகும் மூட்டைகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடியிருக்கின்றன. அவர் எதிரி நாட்டுக்கு வேலை செய்யும் ஒற்றர். மாலுமியின் தந்தி பற்றிய பேச்சும் அவர் காதுக்கு வருகிறது. அந்த அம்மா உண்மையிலேயே இருக்கிறாரா என்று பார்க்க மலை ரயிலில் ஏறுகிறார். ரயில் குன்னூர் வருவதற்குள் பூட்டிய வீட்டுக்குள் ஓர் அம்மா இருந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு தந்திப் பெண்ணின் தலையில் விழுகிறது.

இதில் எது உண்மை, எது கற்பனை?

மிக அதிகமாக வந்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1971 போருக்கு முன்பு ஐ.என்.எஸ். விக்ராந்த் நம்மிடம் இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல். அதன் கொதிகலனில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. அதைத் தேடி அழிக்க பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்டு, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. கிழக்குக் கடற்படைக்குத் தலைமை வகித்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். அவர் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்துவிட்டு, அது சென்னை, விசாகப்பட்டினம் பக்கத்திலேயே இருப்பதுபோல ஒரு தோற்றத்தை உண்டாக்கினார். ராஜ்புத் என்ற பழைய கப்பலை அனுப்பி, பெரிய கப்பல் ஒன்று பேசுவதுபோல வயர்லெஸ் செய்திகளைக் கொட்டச் சொன்னார். ஒப்பந்தக்காரர்களிடம் ஏராளமாக இறைச்சியும் காய்கறியும் கேட்டார். விக்ராந்தின் மாலுமி ஒருவர் நோயுற்ற தாயைப் பற்றி விசாரிப்பதுபோல, ரகசியக் குறியீடு எதுவும் இல்லாத ஒரு செய்தியையும் அனுப்ப வைத்தார். அவரே பின்னாளில் இவற்றை எழுதியிருக்கிறார்.

டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில் காஜி விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கியது. 90-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ராஜ்புத் வீசிய குண்டுகளால் மூழ்கியது என்பது நம் தரப்பு. உள்ளேயே ஏதோ வெடித்தது என்பது இன்னொரு தரப்பு. நாவலில் நான் எந்தப் பக்கமும் சாயவில்லை.

இதுவரை சொன்னது வரலாறு. அந்தக் காய்கறி நீலகிரியிலிருந்து போனது, அந்தச் செய்தி குன்னூருக்கு வந்தது, மண்டிக் கணக்கர், தந்திப் பெண் எல்லாமே என் கற்பனை. நோயுற்ற தாயைப் பற்றிய அந்த ஒரு வரியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தத் தாய்க்கு ஒரு முகவரி எழுதியிருப்பார்களா, எழுதியிருந்தால் அங்கே யாராவது போய்க் கதவைத் தட்டியிருந்தால்? நாவல் அங்கே பிறந்தது.

பரபரப்பான நாவலில் போய் மணிக்கு 13 கிலோமீட்டர் ரயிலா?

"துரத்தல் காட்சிக்கு இதைவிட மெதுவான வாகனம் உலகத்திலேயே இல்லையே" என்று கோவை வாசகர் ஒருவர் எழுதினார். அவர் சொல்வது சரி. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரப் பாதை. சில இடங்களில் ஏறக்குறைய 12 அடி போனால் 1 அடி ஏற்றம். அங்கே ரயில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வர மூன்று மணி நேரம் ஆகும்.

அந்த மூன்று மணி நேரத்துக்காகவே இந்தக் கதையை எழுதினேன் என்று சொல்லலாம்.

பரபரப்பு நாவல்களை நான் பள்ளி நாட்களிலிருந்தே படித்துத் தள்ளியவள். வாடகை நூல் நிலையத்தில் ஒரு நாளைக்குக் காலணா, அரையணா என்று கொடுத்து வாங்கியதாக என் அம்மா சொல்வார். என் காலத்தில் அது பைசாக்கணக்கு. படித்த அனுபவத்தில் எனக்குப் புரிந்தது, கார் ஓடுவதாலோ துப்பாக்கி வெடிப்பதாலோ பக்கம் புரள்வதில்லை. படிக்கிறவருக்குத் தெரிந்த ஒன்று கதைக்குள் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அதோடு நேரம் தீர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மலை ரயிலில் இந்த இரண்டும் தானாகவே அமைகின்றன. ஒற்றர் ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். அவர் அவசரப்பட வேண்டியதில்லை. மேலே குன்னூரில் ஒரு பெண் பூட்டைத் திறந்து, வீட்டைக் கூட்டி, அடுப்பில் புகை வரவைத்து, கட்டிலில் ஒரு நோயாளியைப் படுக்கவைக்கப் போராடுகிறாள்.

அத்தியாயங்களுக்கு நிலையங்களின் பெயரை வைத்ததும் அதனால்தான்: கல்லாறு, ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி. கல்லாறு 14 பக்கம். ஒவ்வொரு நிலையத்துக்கும் பக்கம் குறைந்துகொண்டே வரும். காட்டேரி ஒரே ஒரு பக்கம். இதைக் கவனித்து எழுதிய அருவங்காட்டுக் கல்லூரி மாணவிக்கு என் நன்றி. "ரயிலின் வேகம் கூடவே இல்லை, ஆனால் நான் படிக்கும் வேகம் கூடிவிட்டது" என்று எழுதியிருந்தார். எழுதும்போது நான் ஆசைப்பட்டது அதுதான்.

ஒற்றர் பஸ்ஸில் வந்திருக்கலாமே? கோத்தகிரி வழியும் இருக்கிறதே?

பஸ்ஸில் வந்தால் கதையே இல்லை, அது எனக்கும் தெரியும். முதல் பதிப்பில் பர்லியாறு அருகே மண் சரிந்து சாலை அடைபட்டதாக எழுதியிருந்தேன். பர்லியாற்றிலிருந்தே ஒருவர் போன் செய்தார். "அம்மா, நவம்பர் மழையில் ரோட்டில் மண் சரியுதுன்னா மொதல்ல ரயிலைத்தான் நிறுத்துவாங்க" என்றார். மறுக்க முடியவில்லை. தண்டவாளமும் அதே மலையில்தானே போகிறது. இரண்டாம் பதிப்பில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் உருளைக்கிழங்கு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடக்கிறது. மழை இல்லை.

கோத்தகிரி வழியை நான் மறக்கவில்லை. என் வீடே அங்கேதான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி, வேறு பஸ் பிடித்துக் குன்னூர் வர அன்றைய நாளில் ஏறக்குறைய அதே நேரம் ஆகியிருக்கும். அதோடு, சின்ன ஊரில் பஸ் மாறும் புது ஆளை நாலு பேர் பார்ப்பார்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள். ரயிலில் வருகிறவரை யாரும் கேட்பதில்லை.

வேறு என்னென்ன தவறுகளை வாசகர்கள் கண்டுபிடித்தார்கள்?

பெரிய தவறு எஞ்சின். ரயில் மேலே ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுப்பதாகவும், புகை ஒற்றரின் முகத்தில் அடிப்பதாகவும் எழுதிவிட்டேன். இந்தப் பாதையில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முன் பெட்டியின் முகப்பில் பிரேக்ஸ்மேன் நின்று பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இரண்டு பக்கத்துக்குப் படம் வரைந்தே அனுப்பினார். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை போன ரயில், எழுதும்போது நினைவுக்கு வராமல் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். திருத்திய பிறகு அந்தக் காட்சி இன்னும் நன்றாக அமைந்துவிட்டது. ஒற்றருக்கும் முன்னால் திறந்து கிடக்கும் மலைக்கும் நடுவே இப்போது அந்த பிரேக்ஸ்மேனின் முதுகு மட்டும்தான் இருக்கிறது.

அடுத்தது கேரட். விசாகப்பட்டினத்துக்குப் போகும் மூட்டைகளில் கேரட்டுக்கே முதலிடம் கொடுத்திருந்தேன். "அந்தக் காலத்தில் இங்கே உருளைக்கிழங்குதான் ராஜா" என்று கேத்தி விவசாயி ஒருவர் சொன்னார். கேட்டவுடன் தெரிந்தது. 1961-ல் நீலகிரி உருளைக்கிழங்கில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது, அதற்கப்புறம் விவசாயிகள் பட்ட பாடு எல்லாம் எங்கள் வீட்டிலேயே பேசக் கேட்டிருக்கிறேன். இப்போதைய பதிப்பில் முதலில் உருளைக்கிழங்கு, அப்புறம் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட்.

சமையலறைத் திருத்தம் ஒன்றும் உண்டு. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். குன்னூர் கொஞ்சம் தாழ்வு என்றாலும் கணக்கு அதேதான். நான் பத்து நிமிடத்தில் பருப்பு வேகவைத்துவிட்டேன். இப்போது அந்த அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது.

ஒற்றரைக் கடைசிவரை பிடிக்கவே இல்லையே, ஏமாற்றமாக இருந்தது.

கோபக் கடிதங்களில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். "200 பக்கம் விரட்டிவிட்டுக் கையில் சிக்கியவனை விட்டுவிட்டீர்கள்" என்றார் ஒரு முன்னாள் ராணுவத்தினர்.

பிடித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். மண்டிக் கணக்கர் கைதானால் அவர் அனுப்பிய தகவலை அவர் எஜமானர்கள் சந்தேகிப்பார்கள். பொய் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அதை நம்பியவரும் சுதந்திரமாகத் திரிய வேண்டும். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது இளம் அதிகாரி ஒருவர் கணக்கரின் தோளில் கை வைக்கப் போவார், நினைவிருக்கிறதா? பெரும்பாலான வாசகர்கள் அந்த இடத்தில் "பிடி" என்று மனதுக்குள் சொல்லியிருப்பார்கள். பத்து பக்கம் கழித்து, நல்லவேளை பிடிக்கவில்லை என்று நினைக்க வைக்க வேண்டும் என்று விரும்பினேன். சிலரிடம் அது பலிக்கவில்லை. அந்த அதிகாரிக்கு உண்மை தெரியும் காட்சியை நான் இன்னும் முன்னால் வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

இதே முடிவைப் பற்றி வேறொரு கேள்வி ஊட்டியிலிருந்து ஒரு தாயிடமிருந்து வந்தது. "அந்த நீர்மூழ்கியில் இருந்தவர்களுக்கும் அம்மா இருந்திருப்பார்கள்தானே?" கடைசி நாலு பக்கத்தை எழுதவைத்தது அந்த நினைப்புதான். காஜி மூழ்கிய செய்தி வெளியானதும் ஊரே கொண்டாடுகிறது. நோயாளியாக நடித்த பாட்டி மட்டும் தந்திப் பெண்ணிடம் கேட்கிறாள்: "அதுல எத்தன பிள்ளைங்க இருந்தாங்க?" தந்திப் பெண்ணால் பதில் சொல்ல முடிவதில்லை.

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் குறள் ஏன்?

திருக்குறளில் ஒற்றாடல் என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, பத்துக் குறள். பள்ளியில் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தோம், அவ்வளவுதான். உளவுக் கதை எழுத உட்கார்ந்தபோது மறுபடி படித்தேன். துறவி வேடம் போடுவது, யாராவது கேட்டால் கண்ணில் அச்சம் காட்டாதது, ஓர் ஒற்றர் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்ப்பது, வேலை முடிந்தாலும் எல்லாரும் அறியப் பரிசு கொடுக்காமலிருப்பது எல்லாம் அதில் இருக்கின்றன.

என் நாவலின் முதுகெலும்பு 589-ஆம் குறள். ஒருவரை ஒருவர் அறியாதபடி ஒற்றர்களை ஆள வேண்டும், "உடன்மூவர் சொல்தொக்க தேறப் படும்". மூன்று பேர் சொல்வது ஒன்றாக இருந்தால் நம்பலாம். மண்டிக் கணக்கர் இதை எழுத்துப் பிசகாமல் செய்கிறார். காய்கறி சொல்கிறது, கப்பல் கிழக்குக் கரையில்தான் இருக்கிறது. வயர்லெஸ் சொல்கிறது. தந்தியும் சொல்கிறது. மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை. மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை. அவர் முட்டாள் இல்லை, நல்ல ஒற்றர். நல்ல ஒற்றர் என்பதால்தான் ஏமாந்தார். தமிழாசிரியர்கள் சிலர் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு எழுதிய கடிதங்கள் எனக்கு விருது கிடைத்ததற்குச் சமம்.

சிலோனிலிருந்து வந்த தம்பியை ஏன் சந்தேகப்பட வைத்தீர்கள்?

இதற்கு நான் விளக்கம் மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது.

1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். எத்தனையோ வீடுகளில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று ஆனது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசு தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின, இன்று நாம் டான்டீ என்று சொல்வது அதைத்தான்.

முதல் பதிப்பில் அப்படி வந்த ஓர் இளைஞரை 60 பக்கத்துக்கு ஒற்றர் என்று வாசகர்கள் நம்பும்படி எழுதியிருந்தேன். அவர் கொழும்புக்குக் கடிதம் எழுதுகிறார், ரேடியோவில் இலங்கை வானொலி கேட்கிறார், யாரோடும் பேசுவதில்லை. அப்புறம் அவர் குற்றமற்றவர் என்று தெரியவரும். திசைதிருப்பும் உத்தி, பரபரப்பு நாவல்களில் வழக்கமானது.

கூடலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதினார். அவருக்கு வயது 70-க்கு மேல். "நாங்கள் இறங்கிய நாளிலிருந்து சிலோன்காரன் என்று பேர். கடையில் கடன் கிடையாது, வீடு கிடையாது, ஏதாவது களவு போனால் முதலில் எங்கள் லயத்துக்கு, தோட்டக் குடியிருப்புக்குத்தான் வருவார்கள். உங்கள் கதையிலும் முதலில் எங்கள் லயத்துக்குத்தான் வந்தீர்கள். கடைசியில் அவன் நல்லவன் என்று சொல்லிவிட்டீர்கள், சரி. அந்த 60 பக்கம் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா?"

அந்தக் கடிதத்தைப் பல நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். வாசகர் சட்டென்று சந்தேகப்பட வேண்டும் என்பதற்காக, ஊரில் ஏற்கெனவே கிடந்த ஒரு சந்தேகத்தை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். அப்படி எழுதுவது சுலபம். யாரைக் கைகாட்டினாலும் வாசகர் நம்பிவிடுவார் என்றால், கைகாட்டப்படுகிறவர் ஏற்கெனவே அடிபட்டவராகத்தான் இருப்பார். கூடலூருக்கு நேரில் போய் அவரைப் பார்த்தேன். டீ கொடுத்தார், நிறையப் பேசினார்.

இரண்டாம் பதிப்பில் அந்த 60 பக்கம் இல்லை. தம்பி இப்போதும் கொழும்புக்குக் கடிதம் எழுதுகிறார், அதை யாருக்கு எழுதுகிறார் என்று முதல் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரியும். சந்தேகம் வேறு பக்கம் போகிறது: ஊரில் எல்லாரும் மதிக்கும் ஒரு தேயிலை வியாபாரி மேல். "வேகம் குறைந்துவிட்டது" என்று இரண்டு பதிப்பையும் படித்த ஒருவர் சொன்னார். குறைந்திருந்தாலும் பரவாயில்லை.

மண்டி அத்தியாயங்கள் இழுக்கின்றன. வெட்டலாமே?

பலர் சொல்லிவிட்டார்கள். ஏலம், மூட்டைக் கணக்கு, சிட்டை, தரகு என்று 22 பக்கம் போகிறது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கணக்கரை முதலில் நமக்குப் பிடிக்க வேண்டும். அவர் விரல் எப்படிக் காகிதத்தில் ஓடுகிறது, அழுகிய கோஸை எப்படி வாசனையிலேயே ஒதுக்குகிறார் என்று பார்த்தால்தான், அதே கண் ஒரு கப்பலைத் தேடும்போது நமக்குக் குளிரும். மேட்டுப்பாளையம் மண்டிக்காரர்கள் யாருமே அந்தப் பக்கங்கள் இழுப்பதாகச் சொல்லவில்லை.

கதாபாத்திரங்களுக்கு ஏன் பெயரே இல்லை?

தந்திப் பெண், கணக்கர், பாட்டி, தம்பி என்று மட்டும்தான் இருக்கும். முதலில் பெயர்கள் இருந்தன. எழுத எழுத உதிர்ந்துவிட்டன. இந்த வேலையில் பெயர் எவ்வளவு குறைவோ அவ்வளவு பாதுகாப்பு. படகர், தோடர், தமிழர், மலையாளி என்று எல்லாரும் கலந்து வாழும் ஊரில் ஒரு பெயரைச் சொன்னால் உடனே சாதியும் மதமும் மொழியும் தெரிந்துவிடும், வாசகர் அதை வைத்து ஆளை முடிவு செய்துவிடுவார் என்ற யோசனையும் இருந்தது.

தந்தியில் இருப்பதை வெளியே சொல்வது குற்றமில்லையா?

குற்றம்தான். 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் அதைத் தெளிவாகச் சொன்னது. என் அப்பா தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். மோர்ஸ் தட்டும் சத்தத்தை வைத்தே எதிர்முனையில் யார் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார், ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு என்பார். ஆனால் ஊரில் எந்த வீட்டுக்கு என்ன செய்தி வந்தது என்று ஓய்வு பெற்ற பிறகும் வாய் திறந்ததில்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றது, அப்போதும் இல்லை.

அதனால் தந்திப் பெண் நாவலில் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை. சேராத தந்தி என்று விதிப்படி பதிவு செய்து திருப்பி அனுப்புகிறாள். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் அதிகாரி அவளைத் தேடி வருகிறார். இதைக் கவனிக்காமல் அவள் சட்டத்தை மீறினாள் என்று சிலர் எழுதினார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியை ஒருமுறை பாருங்கள்.

ஒரு சாதாரண தந்திப் பெண்ணால் இவ்வளவு செய்ய முடியுமா?

இப்படிக் கேட்பவர்களுக்கு நூர் இனாயத் கானைப் பற்றி எழுதுவேன். திப்பு சுல்தானின் வழிவந்தவர், குழந்தைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்த மென்மையான பெண். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் ரகசிய வயர்லெஸ் இயக்கினார். கூட்டாளிகள் பிடிபட்ட பிறகும் இடத்தை விட்டு வரவில்லை. 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். குன்னூர்க்காரர்கள் பக்காசூரன் மலையில் திப்புவின் பழைய கோட்டைச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் திப்புவைவிட நூரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

வெலிங்டன் ராணுவக் கல்லூரி, முத்தோரை ரேடியோ தொலைநோக்கி எல்லாம் ஏன் வரவில்லை?

உளவுக் கதை என்றதும் எல்லாரும் அங்கேதான் பார்ப்பார்கள். 1947-ல் குவெட்டாவிலிருந்து பிரிந்து வந்த நாள் முதல் அந்தக் கல்லூரியைக் காவலர்கள் கண்காணிக்கிறார்கள். உருளைக்கிழங்கு மூட்டையை யாரும் கண்காணிப்பதில்லை. முத்தோரை தொலைநோக்கி 1970-ல் வந்துவிட்டது, 530 மீட்டர் நீளம். பார்த்தால் எதையும் ஒட்டுக்கேட்கும்போலத்தான் இருக்கும். அது வானத்திலிருந்து வருவதை வாங்க மட்டும் செய்யும், பூமியில் பேசுகிற பேச்செல்லாம் அதற்கு இரைச்சல்.

அடுத்த நாவல் எப்போது?

பழனி மலையில் நடக்கிறது, 1942. ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்ட பிறகு சென்னையே காலியாகும் அளவுக்குப் பயம். சென்னை தாக்கப்பட்டால் தப்பிப் போக என்று கொடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்குப் போகும் பாதையைச் சீர்படுத்தினார்கள். இப்போது அது காட்டுக்குள் மூடிக் கிடக்கிறது. பாதி எழுதியிருக்கிறேன். பேரிஜம் பக்கத்துப் பெரியவர்கள் யாருக்காவது அந்தப் பாதையில் வேலை பார்த்த தாத்தா சொன்ன கதை நினைவிருந்தால் எழுதுங்கள். இந்த முறை எஞ்சினையும் உருளைக்கிழங்கையும் முன்னாலேயே சரிபார்த்துவிட ஆசை.

பாட்டி மகனுக்குப் போட்ட தந்திக்குக் கடைசியில் பதில் வந்ததா?

அதிகம் பேர் கேட்பது முதலில் சொன்ன உண்மை-கற்பனைக் கேள்வி. அழுத்தமாகக் கேட்பது இது. நோயாளியாக நடிக்க வந்த பாட்டி சிலோனிலிருந்து வந்தவள், அவள் மகன் இலங்கையில் ஹட்டன் பக்கத் தோட்டத்திலேயே நின்றுவிட்டவன். கணக்கர் கட்டிலருகே வந்து நிற்கும்போது அவள் அழுவது நடிப்பில்லை. அதனால்தான் அவர் நம்பிவிடுகிறார். அவர் போன பிறகு அவள் தந்திப் பெண்ணிடம், "என் மகனுக்கும் ஒரு தந்தி போடு தாயி" என்கிறாள். தந்தி போகிறது. நாவல் பத்து நாளில் முடிவதால் பதில் அதற்குள் வரவில்லை.

பதில் வரும் அத்தியாயத்தை நான் எழுதியிருந்தேன், ஆறு பக்கம். 1976-ல் ராமானுஜம் கப்பலில் மகன் ராமேஸ்வரம் வந்து இறங்குகிறான், கையில் அந்தத் தந்திக் காகிதம் இருக்கிறது. கதையின் காலத்துக்கு வெளியே போகிறது என்று பதிப்பாசிரியர் சொன்னதால் எடுத்துவிட்டேன். அதைச் சேர்க்கச் சொல்லி இதுவரை 11 பேர் எழுதியிருக்கிறார்கள், கூடலூர் பெரியவர் உட்பட. மூன்றாம் பதிப்பில் சேர்க்கிறேன்.